எட்டுக் கைத் தொப்பைக்காரர்

சிட்னி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணாடி வளையல்களைப் பார்த்தார். ஓரமாக ஒதுக்கி வைத்தார். அடுத்தது மாவடு ஜாடி. மூடியைத் திறந்து முகர்ந்தவர், செத்த எலியைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் போட்டார். அதற்கடுத்துத் தீப்பெட்டிகள். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். சத்தம் இல்லை. திறந்தார். குச்சி இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. காலித் தீப்பெட்டிகளைக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறவனை அவர் அதற்குமுன் பார்த்திருக்க வழியில்லை.

எதற்கு இது என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அச்சாபீஸில் இங்கிலீஷ் எழுத்துகளைத் தப்பில்லாமல் கோர்ப்பேன். கோர்த்தது என்ன என்று கேட்டால் முழிப்பேன். "பிக்சர், பிக்சர்" என்று பெட்டி மேலிருந்த லேபிள்களைக் காட்டினேன். மயில், ரோஜாப்பூ, கிளி. அவர் முகம் இளகியது. கிளிப்பெட்டியைக் காட்டி, தன் மகளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கையால் உயரம் காட்டிக் கேட்டார். மூன்று கொடுத்தேன். மாவடுதான் திரும்பி வரவில்லை.

காலிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. சிவகாசியில் எனக்குத் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற சின்ன அச்சகம். எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி எல்லாம் கையால் செய்வது. பம்பாய்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி மெஷினில் செய்கிறது. கைத்தொழில் என்பதால் எங்களுக்கு வரி குறைவு. அந்தச் சலுகையை எடுத்துவிட்டு இருவருக்கும் ஒரே வரி போடப்போகிறார்கள் என்று அந்த வருஷம் பேச்சு அடிபட்டது. போட்டால் கைத்தீப்பெட்டி படுத்துவிடும். அது படுத்தால் லேபிள் எதற்கு? லேபிள் இல்லாவிட்டால் நான் எதற்கு? ராத்திரியெல்லாம் இந்த மூன்று கேள்வியையே மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தீப்பெட்டிக்காரர் சங்கத்தில் ஒரு யோசனை எழுந்தது. ஒரு மாதம் எல்லோருடைய பெட்டியிலும் ஒரே லேபிள். பெரிய கம்பெனி சின்னவர்களை விழுங்குவதை அது காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அடுப்படியிலும் அது போய்ப் பேச வேண்டும். சங்கத்து ஆடிட்டர் படித்தவர். ஆஸ்திரேலியாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்க்கரை, நிலக்கரி, கப்பல் எல்லாவற்றையும் சில கம்பெனிகள் வளைத்துப் போட்டபோது, பத்திரிகைகளில் அவர்களைக் கேலிப்படமாகப் போட்டுக் கிழித்தார்கள் என்று சொன்னார். அதே நேரம் என் தங்கை செல்வி சிட்னியில் மாசமாக இருந்தாள். அம்மா இல்லை, வளைகாப்புக்குப் பிறந்த வீட்டிலிருந்து வளையல் கொண்டுபோக நான்தான் இருந்தேன்.

"அண்ணாச்சி, போறதே போறீரு, ஒரு நல்ல படமாப் பாத்துக் கொண்டாந்துரும்" என்றார் சங்கத் தலைவர். மாம்பழம் வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார். தப்பான படத்தைக் கொண்டுவந்தால் கோடிப் பெட்டியில் தப்பு ஏறும். படம் பெட்டியளவில் சுருங்கினாலும் தெளிவாக இருக்குமா என்று வைத்துப் பார்க்கத்தான் காலிப் பெட்டிகள்.

செல்வியின் வீடு சிட்னிப் புறநகரான செவன் ஹில்ஸில், ஏழு மலை என்று அர்த்தமாம். மலை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் சுவர் வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் வெட்டி விட்ட புல். மனிதர்களைத்தான் காணோம். நான் போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை, பஸ் இல்லை, ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. "ஏம்மா, ஊர்ல எதுவும் துக்கமா?" என்று கேட்டேன்.

"வாரா வாரம் இப்படித்தாண்ணே. சனிக்கிழமை மத்தியானத்தோட கடையெல்லாம் மூடிருவாங்க. எனக்கும் மொதல்ல அழுகையா வந்துச்சு" என்றாள். அவள் கணவர் ராஜேந்திரன் அங்கே ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். "மச்சான், இங்க அமைதிக்குப் பயந்தா முடியாது" என்றார். பயப்படுவதற்கு எனக்கு அமைதியும் வேண்டாம், சத்தமும் வேண்டாம்.

மறுநாள் காலை என்னை ரயிலேற்றிவிட்டார். சிவப்பு ரயில். கதவு திறந்தபடியே ஓடுகிறது, யாரும் மூடவில்லை. நம்மூரிலும் அப்படித்தான் என்றாலும், அங்கே பிடித்துக்கொள்ள நாலு பேர் உடம்பு இருக்கும். இங்கே ஏறக்குறைய ஆளில்லாத ரயில்பெட்டியில் நான் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த கிழவி தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இறங்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வெளியே விழுந்துவிடக் கூடாதே என்று.

நகரத்து நூலகத்தில் எனக்காகக் காத்திருந்தவர் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் கிளார்க்காக இருந்தவர், இங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை. மெரிலேண்ட்ஸில் வீடு, செல்விக்குப் பழக்கம்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. ஏன் இப்பிடி வேர்க்குது? இஞ்ச ஒருத்தரும் உங்களைக் கடிக்கமாட்டினம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

பெரிய மேஜையில் பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வைத்தார். தாள் பழுத்திருந்தது. ஆனால் அந்தக் கோடுகள்! மையைத் தொட்டால் இப்போதும் ஒட்டும்போல இருந்தது. முதலில் தொழில்காரனாகத்தான் பார்த்தேன். நிழலுக்கு எப்படிக் குறுக்குக் கோடு இழுத்திருக்கிறான், எந்த இடத்தில் வெள்ளையை விட்டிருக்கிறான் என்று. பிறகுதான் படத்துக்குள் போனேன்.

எல்லாப் படத்திலும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தார். குண்டு மனிதர். உயரத் தொப்பி, வாயில் சுருட்டு, வைரம் பதித்த டை ஊசி, சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பை. ஒரு படத்தில் ஒரு குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையில் அவர் ஒருவரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். குடும்பம் மேஜைக்கடியில் இருக்கிறது. இன்னொன்றில் துறைமுகத்துக் கப்பல்களைக் கடலை மாதிரிக் கொறிக்கிறார். கீழே எழுதியிருந்ததை எல்லாம் குணரத்தினம் எனக்கு வாசித்துச் சொன்னார். சர்க்கரை விலை ஏறிய வருஷம் ஒன்று, கரிச் சுரங்கம் மூடிய வருஷம் ஒன்று என்று காரணமும் சொன்னார்.

கடைசியில் அந்தப் படம் வந்தது. முழுப் பக்கம். தொப்பைக்காரருக்குக் கால் இல்லை. இடுப்புக்குக் கீழே எட்டுக் கை, வளைந்து நெளிந்து போகிறது. ஒரு கையில் கப்பல், ஒன்றில் கரிமூட்டை, ஒன்றில் சர்க்கரைச் சாக்கு, ஒன்றில் புகையிலை, ஒன்றில் சட்டசபைக் கட்டிடம். எட்டாவது கை ஒரு சின்னக் கடைக்காரரின் கழுத்தில்.

"ஆக்டோபஸ்" என்றார் குணரத்தினம். "கணவாய்க்குச் சொந்தக்காரன். கடலுக்கடியில கிடக்கும். பிடிச்சா விடாது."

சிவகாசிக்காரனுக்குக் கடலே தூரம். இருந்தாலும் இதுதான் படம் என்று எனக்குப் பட்டது. கேட்டு போட்டோஸ்டாட் எடுக்கச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் சூடாக வந்த தாளை என்னிடம் நீட்டினாள்.

அப்போது நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் அச்சகத்தில் மெஷினிலிருந்து வரும் முதல் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். சாமி படமோ, பூனைப் படமோ, எதுவானாலும் முதல் தாள் முதல் தாள்தான். கை தானாகப் போய்விட்டது. தொப்பைக்காரரை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தால், அந்தப் பெண் மரியாதையோடு தலையைத் தாழ்த்தி நிற்கிறாள். குணரத்தினத்திடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்து சொன்னார்: "அந்தப் பிள்ளை கேக்குது, படத்தில இருக்கிறவர் உங்கட நாட்டுத் தலைவரோ எண்டு."

அன்று சாயங்காலம் மெரிலேண்ட்ஸில் அவர் வீட்டில் சாப்பாடு. இடியப்பம், சொதி. அடுப்படியில் நின்ற அவர் மனைவி பவளம் அன்ரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார்.

"உதென்ன, பிள்ளையாரோ? ஒரு தும்பிக்கைக்கு எட்டுத் தும்பிக்கை வைச்சுக் கீறியிருக்கு!"

"விசரி, அது ஆக்டோபஸ். ஊரை விழுங்கிற கம்பெனி" என்றார் குணரத்தினம்.

"ஓம், ஆக்டோபஸ்தான். உதைக் கண்டா எனக்கென்ன பயமே வருது? வாயில தண்ணியெல்லோ ஊறுது. எங்கட அம்மா கணவாய்க்கறி வைச்சா நாலு வீட்டுக்கு மணக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இடியப்பத்தைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருந்தேன். படித்த குடும்பத்துப் பெண்மணி, காரணம் தெரிந்த வீடு. இங்கேயே ஒரு கண்ணுக்குப் பிள்ளையாராகவும் ஒரு நாக்குக்குக் கறியாகவும் இருக்கிற படம், கோவில்பட்டியில் ஓர் அடுப்படிக்குப் போனால் என்ன ஆகும்? தொப்பை என்றால் நமக்குச் செழிப்பு. நிறையக் கை, ஒவ்வொரு கையிலும் ஒரு பொருள் என்றால் அது சாமி. தீப்பெட்டியைக் காலில் மிதித்தாலே தொட்டுக் கும்பிடுகிற ஜனம். லேபிளைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக் குங்குமம் வைத்துவிடுவார்கள். பெரிய கம்பெனிக்கு நாங்களே கோடி படம் அடித்துக் கொடுத்தது போலாகிவிடும். பவளம் அன்ரி பிள்ளையார் என்று சொல்லுமுன்னே நானே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாயிற்றே!

"தம்பி யோசிக்கிறார்" என்றார் குணரத்தினம். "மெல்பனுக்குப் போறியளெல்லோ? அங்க ஜாக் எண்டு ஒரு கிழவர் இருக்கிறார். நான் முதல் வந்தபோது அவற்ற வீட்டிலதான் வாடகைக்கு இருந்தனான். இந்தப் படங்களைப் பற்றி எனக்குச் சொன்னதே அவர்தான். போய்க் கதையுங்கோ."

மாப்பிள்ளை ராஜேந்திரனுக்கு மெல்பனில் ஆபீஸ் வேலை இருந்தது. காரில் கூட்டிப் போனார். பாதி வழியில் ரேடியேட்டர் புகைந்தது. சுற்றிலும் மஞ்சள் புல், வேலி, வானம். ஓர் ஆடுகூட இல்லாத இடத்தில் ஈ மட்டும் எங்கிருந்துதான் வருமோ, முகத்தில் உட்கார்ந்து குடும்பம் நடத்தியது. இங்கேயே கிடந்து செத்தால் சங்கத்துக்கு யார் சொல்வார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். தண்ணீர் ஊற்றினார், குழாயில் துணி சுற்றினார். எங்களுக்காகவே வந்தவர்போல எல்லாம் செய்துவிட்டு, நன்றி சொல்லும் முன்னே ஏறிப் போய்விட்டார். நம்மூரில் அந்நேரத்துக்கு இருபது பேர் கூடி இருபது யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஓர் ஆள், யோசனையே சொல்லவில்லை.

வழியோரக் கடையில் ரொட்டிக்கு நடுவே முட்டை வாங்கினேன். கடித்தால் சிவப்பாக ஒழுகுகிறது. பதறிப்போனேன். பீட்ரூட். எதைக் கேட்டாலும் அதற்குள் ஒரு துண்டு பீட்ரூட் வைக்கிறார்கள், நாம் கறிவேப்பிலை போடுவதுபோல. நாமாவது தூக்கி எறிவோம், அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

மெல்பனில் மறுநாள் மத்தியானம் ஜாக் வீட்டுக்குப் போக வேண்டும். வேலை முடிந்து தான் நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொல்லி, மாப்பிள்ளை எனக்குத் தாளில் விலாசம் எழுதிக் கொடுத்து டிராம் ஏற்றிவிட்டார். டிராம் அழகு. நகர்கிற வீடு மாதிரி மரச்சட்டம், மணி. கண்டக்டர் ஒரு பெண். தோளில் நம்மூர்க் கண்டக்டர் போலவே தோல் பை. என் தாளைப் பார்த்தவள் இரண்டு கையையும் விரித்தாள். நான் எதிர்ப்பக்கம் போகிற டிராமில் ஏறியிருந்தேன். கடைசி நிறுத்தத்தில் கடல் தெரிந்தது. ஆக்டோபஸ் கிடக்கிற கடல் என்று நினைத்துக்கொண்டேன். அவளே என்னைத் திரும்பிப் போகிற டிராமில் ஏற்றி, அதிலிருந்த கண்டக்டரிடம் என்னை ஒரு பார்சலைப்போல ஒப்படைத்தாள்.

ஜாக் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். ஒல்லியான, உயரமான கிழவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ. மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. ஜாக்குக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரியாது. அடுப்படியில் இரண்டு பேரும் தேநீரோடு உட்கார்ந்தோம். நான் காலித் தீப்பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து அதில் போட்டு, மூடி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். காலியாக எதையும் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கமோ, அவருடைய வழக்கமோ, தெரியாது.

மாப்பிள்ளை வந்து, நான் படம் தேடுகிற காரணத்தைச் சொன்ன பிறகு பேச்சு வந்தது. ஜாக் பேசியதை அவர் மொழிபெயர்த்துச் சொன்னதை என் நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வேலைநிறுத்தம் வந்தால் வீட்டில் உருளைக்கிழங்கு மட்டும்தான். அம்மா அந்தப் பத்திரிகையிலிருந்து குண்டு மனிதரைக் கிழித்து அடுப்புக்குப் பின்னால் ஒட்டுவாள். உருளைக்கிழங்குத் தோலைச் சீவிச் சீவி அவர் மூஞ்சியில் எறிவாள். எங்களையும் எறியச் சொல்வாள். வீட்டில் சிரிப்பு வந்தது அப்போது மட்டும்தான்."

"அப்போ படம் வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

"அவசரப்படாதே. நான் பெரியவனானதும் ஒரு பெரிய கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டும் வேலைக்குப் போனேன். மேல்மாடியில் ஒரு கம்பெனி டைரக்டர். ஒருநாள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் என்ன தொங்கியது தெரியுமா? எங்கள் அடுப்படிக் குண்டு மனிதர். அச்சடித்த தாள் இல்லை. ஓவியர் கையால் போட்ட அசல். தங்கச் சட்டம் போட்டிருந்தார்கள்."

மாப்பிள்ளையே பெயர்ப்பதை நிறுத்திவிட்டு, "நிஜமாவா?" என்று கேட்டார்.

"விருந்தாளி யார் வந்தாலும் அந்த டைரக்டர் காட்டுவார். 'இது நான்தான்' என்பார். அத்தனை பெருமை. அவர் உண்மையில் குச்சி மாதிரி இருப்பார். வயிற்றில் புண், பாலைத் தவிர எதுவும் குடிக்க முடியாது. நாங்கள் அவரைத் திட்டிப் படம் போட்டோம். அவருக்கு அது பிடித்துவிட்டது. ஏன் பிடிக்காது? படத்தில் அவர் எவ்வளவு பெரியவர்! நாங்கள் எல்லோரும் அவர் முழங்கால் உயரம்."

என் பையிலிருந்த போட்டோஸ்டாட்டை எடுத்து விரித்தேன். உண்மைதான். கழுத்து நெரிபடுகிற கடைக்காரர் சுண்டுவிரல் அளவு. பெட்டியளவில் சுருக்கினால் கடைக்காரர் கண்ணுக்கே தெரியமாட்டார். தொப்பைக்காரர் மட்டும் தெரிவார். அதைச் சோதிக்கத்தானே அத்தனை தூரம் பெட்டி கொண்டுவந்தேன். ஆனால் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, இந்தக் கிழவர் சொல்கிறவரை.

ஜாக் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்: "உங்கள் ஊர்ச் சின்ன முதலாளிகள் எல்லாம் ஒல்லியா?"

மாப்பிள்ளை என் வயிற்றைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க ஊர்ல தொப்பை இருந்தாத்தான் பொண்ணு குடுப்பாங்க" என்று சொல்லி வைத்தேன். ஜாக் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"அவர்களிடம் வேலை பார்க்கிறவர்கள்? அவர்கள் உன் படத்தில் எங்கே நிற்பார்கள்?"

நான் போட்டோஸ்டாட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சிட்னிக்குத் திரும்பும்போது வழி முழுக்கத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டே வந்தேன். அத்தனை தூரம் போய், கையில் படம் இல்லை. இருந்த ஒன்றும் எதிரிக்குத்தான் உதவும். தலைவரிடம் என்ன சொல்வேன், எந்த முகத்தோடு விருதுநகரில் ரயிலிறங்குவேன்? வழியில் மாப்பிள்ளை இரண்டு முறை காரை நிறுத்தி, வாந்தி வருகிறதா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை வளைகாப்பு. செல்வியை முன்னறையில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். கதிரை என்பது பவளம் அன்ரி சொல். நாங்கள் நாற்காலி என்போம். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

"முதல் வளையல் ஆர் போடுறது? உங்கட பக்கத்தில மூத்த சுமங்கலி ஒருத்தரும் இல்லையே?"

"நீங்கதான் அன்ரி போடணும்" என்றாள் செல்வி.

"எங்கட ஊரில இப்பிடி இல்லைப் பிள்ளை. எனக்கு முறை தெரியாது."

"போட்டா முறை வந்துரும், போடுங்க!" என்றாள் சேலத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் ஒருத்தி.

நான் கொண்டுவந்த வளையல்களைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, எல்லோரும் குனிந்திருந்தார்கள். கைகள் மட்டும் தெரிந்தன. பவளம் அன்ரியின் தங்கக் காப்புப் போட்ட கை, சோப்பில் வெளுத்த நர்ஸ் கை, பக்கத்து வீட்டு மால்டா தேசத்துக்காரி கார்மனின் மாவு ஒட்டிய வெள்ளைக் கை. ஒரு கை மணிக்கட்டைப் பிடிக்கிறது, ஒரு கை சந்தனம் பூசுகிறது, ஒரு கை வளையலை ஏற்றுகிறது. அத்தனை கையும் சேர்ந்து ஒருத்தியைப் பிடித்திருந்தன. ஆனால் நெரிக்கவில்லை.

நான் சத்தமாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். செல்வி நிமிர்ந்து, "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கு."

நிறையக் கை என்றால் நம் கண்ணுக்கு நல்லது. அதை ஏன் அவனுக்குக் கொடுக்க வேண்டும்? தொப்பைக்காரரைத் தூக்கிவிடு. கைகளை வைத்துக்கொள். நடுவில் ஒரே ஒரு தீக்குச்சி எரிகிறது. சுற்றிலும் பல கைகள் அதைக் காற்றில் அணையாமல் மறைத்துப் பிடிக்கின்றன. எழுத்து வேண்டாம். எதிரி வேண்டாம். பெட்டியளவுக்குச் சுருக்கினாலும் கை கையாகத்தான் தெரியும். காலிப் பெட்டி ஒன்றை எடுத்து அதன் முதுகில் பென்சிலால் கிறுக்கி வைத்தேன். உள்ளே ஜாக் போட்ட குச்சி உருண்டது.

ஊருக்கு வந்ததும் தலைவருக்கு முகம் சுருங்கியது. "ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டு வளைகாப்புப் படத்தோட வந்திருக்கீரே அண்ணாச்சி" என்றார். போட்டோஸ்டாட்டை விரித்துக் காட்டினேன். சங்கத்துக் காவல்காரர் எட்டிப் பார்த்து, "எந்தூரு சாமிங்க?" என்று கேட்டார். தலைவர் போட்டோஸ்டாட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, நான் பெட்டியில் கிறுக்கியதைக் கையில் எடுத்தார்.

எங்கள் ஓவியர் சங்கரலிங்கம், கையென்றால் பரதநாட்டியக் கை வரைவார். தாமரை மொட்டு மாதிரி விரல். இது வேண்டாம், போய் நிஜக் கையைப் பாரும் என்று, எங்களூரில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலைக்கு அனுப்பினேன். லேபிள் ஒட்டுகிற பெண்கள் நடுவே உட்கார்ந்து வரைந்து வந்தார். பசை காய்ந்து தோலுரிந்த விரல், மருந்துக் கறை ஏறிய நகம், ரப்பர் வளையல். எனக்குத் திருப்தி.

அந்த வருஷம் வரிச் சலுகையை எடுக்கவில்லை. அது எங்கள் லேபிளால்தான் என்று சங்கத்தில் சிலர் இன்றும் சொல்வார்கள். எனக்கு அந்தத் துணிவு இல்லை. டெல்லியில் யார் யாரோ போய்ப் பேசினார்கள். அடுத்த வருஷம் மறுபடி அதே பேச்சு வந்தது, நானும் மறுபடி தூக்கம் கெட்டேன்.

சிட்னி என்றால் எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது, அந்த லேபிள் ஒட்ட ஆரம்பித்த காலைதான். முதல் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இந்த முறை தப்பில்லை என்ற நிம்மதியோடு, லேபிள் கட்டை நானே தீப்பெட்டி ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். பெண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லேபிள் கை மாறிக் கை மாறிப் போயிற்று. "ஏ, இது உன் கையிடீ!" "மோதிர விரல்ல தழும்பைப் பாரு, நம்ம பேச்சி!" என்று ஒரே கூச்சல். சங்கரலிங்கம் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார். தலைவரும் நானும் வாசலில் நின்றோம்.

பேச்சியம்மாள் அதிகம் பேசாதவள். லேபிளைத் தன் கையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கையெல்லாம் எங்க கையிதான் மொதலாளி, அச்சு அசலா வந்திருக்கு" என்றாள். "வயிறு யாரு வயிறு, அதை ஏன் போடாம விட்டுட்டீக?"

வரிசை முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். நான் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே அடக்கிக்கொண்டு நின்றேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பசையில் விரலைத் தொட்டு, அடுத்த பெட்டியில் தன் கையை ஒட்டினாள்.